மனைவிக்குச் சொல்லக்கூடாத மந்திரம்

ஜெர்மனியில் நான் சமைக்கும் தியான நிலையத்தில் நண்பகல்வரை யாரும் பேசமாட்டார்கள். நாற்பது பேர் என் உப்புமாவைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். உப்புக் கூடியதா, குறைந்ததா, ஒரு முகமும் சொல்லாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. குப்பைக்கூடையைத் திறந்து, மீதம் கிடக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

முன்பு நான் வேலைபார்த்த குமுளி விடுதியில் என் சமையலைச் சாப்பிட்ட வெளிநாட்டுக்காரர்கள்தான் என்னை இங்கே அழைத்துவந்தார்கள். "இது ரிலிஜன் இல்லை, ஸ்பிரிச்சுவாலிட்டி" என்று வந்த வாரமே சொன்னார், நிலையத்தை நடத்தும் மோனிகா அம்மையார். உன் கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். "பெட்டிக்குள்" என்றேன். தன் நெஞ்சைத் தொட்டுக் கண்கலங்கினார். பித்தளைப் பூண் போட்ட மரப்பெட்டி என்று விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை.

கூடலூரில் எங்கள் குலசாமியின் பெட்டி பூசாரி வீட்டில் இருக்கும். சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடிக் கோயிலுக்குத் தூக்கிப்போவோம். உள்ளே என்ன என்பது பூசாரிக்கு மட்டுமே தெரியும். ஆக, ரகசியம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த ரகசியத்தின் பின்னால், வரப்புச் சண்டையில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன்தம்பிகளும் சேர்ந்தே நடப்பார்கள்.

இரண்டாம் வருடம் எனக்குத் தீட்சை தருவதாகச் சொன்னார் மோனிகா. ஆளுக்கொரு மந்திரம், தாய்க்கும் தாரத்துக்கும் சொல்லக்கூடாது. வாங்கிக்கொண்டால் நிலையத்து ஆள், மாடியில் சொந்த அறை. மறுத்தால் வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. நானாக அப்படி நினைத்துக்கொண்டேன். ஊரிலிருக்கும் மனைவி பேச்சியம்மாளுக்குப் போன் போட்டேன்.

"பொண்டாட்டிகிட்டச் சொல்லக் கூடாதா? அது மந்திரமா, சக்களத்தியா?" என்று சிரித்தாள்.

"நம்ம பெட்டியில என்ன இருக்குன்னு மட்டும் ஒனக்குத் தெரியுமாக்கும்?"

"எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. அது சரிக்குச் சரி. இது ஒங்களுக்கு மட்டும்ல தெரியும்? பிள்ளைக்குக் காய்ச்சல்னா நீங்க அங்கன ஒண்ணச் சொல்வீக, நான் இங்கன ஒண்ணச் சொல்வேன். சேந்து கும்பிட்ட மாதிரி இருக்குமா?" இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

மதம் வேறு, ஆன்மிகம் வேறு என்று இங்கே வகுப்பே நடக்கிறது. பொய் என்று சொல்லமாட்டேன். சர்ச்சின் அதட்டலுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் கண்மூடி உட்கார்ந்து தேறியதை அடுக்களைச் சன்னல் வழியே பார்த்திருக்கிறேன். எங்கள் கோயிலிலும் முதல் மரியாதைக்கு வேட்டி கிழிய அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் ஒன்று எனக்கு உறுதி: தனியாகத் தேறுவதற்கு நான் கடல் தாண்டி வரவில்லை.

மனைவிக்கும் சொல்லலாம் என்றால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மோனிகா யோசித்தார். "நீ இன்னும் தயாராகவில்லை."

"சமையலுக்கு?"

"அதற்கு என்றும் தயார்!"

வேலை தங்கியது, மாடி அறை வேறொருவருக்குப் போனது. அந்தச் சிவராத்திரிக்கு ஊருக்குப் போக விடுப்பும் கிடைக்கவில்லை. பெட்டி புறப்பட்டபோது அங்கே மாலை நாலு மணி, இங்கே முற்பகல். பேச்சியம்மாள் செல்போனை உயர்த்திப் பிடித்தாள். காதில் உறுமி மேளம் இறங்கியது. தியான மண்டபத்தின் கதவு சாத்தியிருந்தது. வெளியே வரிசையாகக் கிடந்த காலணிகளின் ஓரத்தில் என் செருப்பையும் கழற்றிவிட்டு, நடைவழியில் அந்தச் சத்தத்தின் பின்னால் நடந்தேன். சுவர் வந்ததும் திரும்பி, மறுபடி நடந்தேன்.