முகம் இல்லாத போஸ்டர்

பச்சையம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். திருவொற்றியூரில் சுப்புராஜ் அண்ணாச்சியின் டி.டி.பி. கடைக்குக் கூட்டிப் பெருக்க வந்தவள், ஓரமாக நின்று பார்த்தே கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டாள். வாய் திறந்து யாரிடமும் சந்தேகம் கேட்க மாட்டாள். முடிந்த வேலைகளைத் திரையில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டு வைப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைக் கழுவிச் சூடம் காட்டும் முன், அந்தத் தொட்டியையும் காலி செய்துவிடுவாள். லட்சுமி வரும் நேரத்தில் கடையில் எந்தக் குப்பையும் இருக்கக்கூடாது என்பது அண்ணாச்சியின் கட்டளை.

திங்கட்கிழமை சின்னப்பையன் என்ற ஆள் வந்து நின்றான். காணாமல் போன தம்பி டில்லிபாபுவுக்குப் போன வாரம் இங்கேதான் போஸ்டர் அடித்திருந்தான்.

"எண்ணூர்ல யாரோ அவனப் பாத்தாங்களாம்மே. அங்க ஒட்டணும், இன்னும் கொஞ்சம் போட்டுக் குடு. போட்டோ மழைல நனைஞ்சி கலீஜாயிடுச்சி. உங்கிட்டதான் அவன் மூஞ்சி கீது."

தொட்டியைத் திறந்தாள். போஸ்டர் இருந்தது. திரும்ப எடுக்கும் பட்டனை அழுத்தினாள். தொட்டியிலிருந்து மறைந்தது, திரையிலும் வரவில்லை.

"இன்னாம்மே, திருதிருன்னு முழிக்கிற?"

"இருண்ணா, இங்கதான் எங்கியோ பூந்துகிச்சி."

ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடினாள். முதலில் எங்கே வைத்திருந்தாளோ அங்கேயே போய் உட்கார்ந்திருந்தது. அதற்கு யார் வழி சொன்னார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. திறந்தாள். 'காணவில்லை' என்ற எழுத்து இருந்தது, வயது இருந்தது, நீல லுங்கி இருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் கட்டம்.

போஸ்டரோடு படமும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றல்லவா நினைத்திருந்தாள்? தொட்டியை மேலும் கீழும் துழாவினாள். படம் இல்லை. பிறகுதான் உறைத்தது. போஸ்டரைத் தொட்டியில் போட்டது சனிக்கிழமை. போஸ்டரில்தான் ஏறிவிட்டதே, தனியாகப் படம் எதற்கு என்று அதை வியாழக்கிழமையே போட்டுவிட்டாள். நடுவில் வெள்ளி.

"அண்ணா... போட்டோவ வெள்ளிக்கெழமையே கழுவிட்டேண்ணா."

"கழுவிட்டியா? கம்ப்யூட்டரையா?"

அவளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, "செவுத்துல ஒட்டுனதுல ஏதாச்சும் நல்லா கீதாண்ணா?" என்றாள்.

மார்க்கெட் சுவரில் ஒன்று இருந்தது. சொம்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவைத்து, இருவரும் நகத்தால் உரித்தார்கள். காயவைத்து ஸ்கேனரில் வைத்தாள். பசைக் கட்டிகளோடு முகம் திரைக்கு வந்தது.

"அவராட்டம் கீதாண்ணா?"

சின்னப்பையன் குனிந்து பார்த்தான். தள்ளி நின்றும் பார்த்தான்.

"கன்னம்தான் கொஞ்சம் உப்புனாப்ல கீது. ஆனா அவன்தான். அடி."