பப்பாளிக்காய் போட்ட கறி

தங்கையைப் பெண் பார்க்கத் தாமல் கிராமத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், கறிக்குழம்பு தன் பொறுப்பு என்று அக்காவின் கணவர் அறிவித்துவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். சமையலும் அதே வேகம்தான். வாங்கி வந்த கறியோ கிழட்டு ஆடு.

"பப்பாளிக்காய அரைச்சுப் போட்டா பஞ்சா வெந்துடும்மா" என்றார்.

"ஒரு ஸ்பூன் போதும் மாமா. சமைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டா போதும்" என்றேன். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வீட்டில் அதற்கு மதிப்பு கிடையாது. மாமா முழுக் காயையும் அரைத்து, முந்தின நாளே பிசைந்து வைத்துவிட்டார்.

காலையில் மூடியைத் திறந்தால் கறித்துண்டுகளைக் காணோம். கூழ் மாதிரி ஏதோ கிடந்தது. எலும்புகள் மட்டும் மானத்தோடு நின்றன.

"பூனை வந்து மென்னு துப்பிட்டுப் போச்சா?" என்றார் மாமா.

"பூனை இல்ல. பப்பாளிக்காய்ல இருக்கிற நொதி. கறியோட புரதத்த வெட்டி வெட்டிப் போடும். தானா நடக்க எத்தனையோ காலம் ஆகிற வேலைய அது சட்டுனு முடிச்சிடும்."

"இவ்ளோ வெட்டினா அது தீந்து பூடாதா?"

"தீராது மாமா. ஒண்ண வெட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடும். இப்பகூட வெட்டிக்கினுதான் இருக்குது."

மாமா சட்டியை மரியாதையோடு பார்த்தார். "டீ கேக்கல, லீவு கேக்கல. எங்க ஸ்டாண்டுல இப்டி ஒருத்தனும் இல்லியேம்மா."

நன்றாகக் கொதித்தால்தான் அந்த நொதி அடங்கும். உடனே சட்டியை அடுப்பில் ஏற்றினேன். அக்கா தண்ணீர் சுண்டும்வரை கிளறி, எலும்பைப் பொறுக்கிவிட்டு, சோம்பும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துக் கோலா உருண்டையாகப் பொரித்தெடுத்தாள்.

வந்தவர்கள் போதகரையும் அழைத்து வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் அவர் ஜெபத்தை ஆதாமிலிருந்து தொடங்கினார். உருண்டைகள் எங்கள் கண்ணெதிரே ஆறின. ஜெபத்தை விரைவாக்கும் வினையூக்கியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"எப்டிம்மா இவ்ளோ மெத்துனு வந்துச்சு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"எல்லாம் கெமிஸ்ட்ரிதாம்மா" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமலே.

அவர்கள் கிளம்பியதும் தங்கையிடம் பையன் எப்படி என்று கேட்டேன்.

"என்னைப் பாக்கவே இல்ல. தின்னுக்கினே இருந்தாரு."

"அப்போ வேணாமா?"

"கடைசி உருண்டைய என் தட்டுல வச்சாரு" என்றாள். "சரின்னு சொல்லிடு."