பதினெட்டு ஆம்பியர்

“மோட்டார கையால பிடிச்சு நிறுத்துனா எத்தன ஆம்ப் இழுக்கும்க்கா?”

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு பொம்மைப் படகுக் கடையில் என்னைக் கேட்ட கேள்வி இது. ஃபெர்ரி ஏறிப் போயிருந்தேன். ஒரு ஸ்பீட் கன்ட்ரோலர் வாங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ரிமோட்டில் நாம் தள்ளுகிற அளவுக்கு மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் சின்னப் பெட்டி, அவ்வளவுதான். கேள்வியெல்லாம் கேட்பார்கள் என்று யார் கண்டது?

என் கணவர் சேகர், துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ட்ரோக். நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் அடம் பிடித்தது. “விரலுக்கு வேலை கொடுங்க” என்றார் பிசியோ. பந்தைப் பிசையச் சொன்னால் மூன்றாம் நாளே சலிப்பு. ஒரு நாள் அவராகவே மரத்துண்டுகளை வாங்கி வந்து உட்கார்ந்தார். அலுவலக ஜன்னலில் தினமும் பார்த்த, பெரிய கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகு ஒன்று, முழங்கை நீளத்தில், ஒரு வருடத்தில் உருவானது. ஒவ்வொரு ஆணியும் அந்த வலது கையால்!

போன மாதம் பூங்காக் குளத்தில் முதல் ஓட்டம். இருபதடி அழகாகப் போனது. பிறகு ப்ரொப்பெல்லரில் பாசி சுற்றிக்கொண்டது. மோட்டார் நின்றது... படகுக்குள்ளிருந்து புகை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், கொக்கியை வீசி இழுத்துக் கொடுத்தார்.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கன்ட்ரோலர் போச்சு” என்று மட்டும் சொன்னார் சேகர். வீட்டுக்கு வந்ததும் படகு கட்டிலுக்கடியில் போனது. மூன்று வாரம் வெளியே வரவில்லை. அவரும்தான்... வரவேற்பறை நாற்காலி, டிவி, தூக்கம். வலது கை மறுபடி மடியிலேயே கிடந்தது.

அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் பட்டர்வொர்த் போனேன்.

“இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடுங்க தம்பி” என்றேன் கடைக்காரர் தேவாவிடம்.

“பெருசு தப்பில்லக்கா. ஆனா உங்க படகுல இடம் இருக்கணும் லா. பழசு எத்தன ஆம்ப்?”

“பத்து. தண்ணிவாளியில ஓட்டிப் பாத்தாராம், நாலுதான் எடுத்துச்சாம்.”

தேவா சிரித்துவிட்டார். “வாளியில பாசி ஏதுக்கா? சிக்கி நிக்கிறப்பதான் மோட்டார் ரொம்ப இழுக்கும். அதத் தாங்கற மாதிரி எடுக்கணும். அளந்துட்டு வாங்க.” ஒரு சின்ன மீட்டரையும் இரவல் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். எதை வாங்கினாலும் நாம் சுகமாக ஓடுகிற நாளை வைத்துத்தானே கணக்குப் போடுகிறோம்? சிக்கி நிற்கும் நாளை யார் நினைக்கிறார்கள்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். “உன்ன யாரு போகச் சொன்னா?” என்று சீறினார். நான் சமையலறைக்குப் போனேன். ஐந்து நிமிடம் கழித்துக் குரல் வந்தது.

“கலா... அந்த ஆளு என்ன கேட்டாரு?”

படகு வெளியே வந்தது. கன்ட்ரோலரைத் தவிர்த்து, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே மீட்டரை வைத்தார். குறட்டால் ப்ரொப்பெல்லர் தண்டை இறுக்கிப் பிடிப்பது என் வேலை. பேட்டரி ப்ளக் கல் மாதிரி இறுக்கம். உதவப் போனேன்.

“நீ பிடி. நான் போடறேன்.”

வலது கையால் அழுத்தினார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவையும். நான் குறட்டிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டவில்லை – எவ்வளவு கஷ்டப்பட்டு நீட்டாமல் இருந்தேன் தெரியுமா! மூன்றாவது தடவை ‘டக்’ என்று போனது. குறடு என் கையில் துள்ளியது.

“போதும்!” என்று உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். “பதினெட்டு! பத்து ஆம்ப் பெட்டி எங்கடி தாங்கும்?”

மூன்று வாரத்துக்குப் பிறகு சிரித்தார்.

உடனே தேவாவுக்கு அவரே போன் போட்டார். முப்பது ஆம்ப் என்று முடிவானது. காருக்கான வகை வேண்டாம் என்றார் தேவா. அதில் ரிமோட்டைப் பின்னால் இழுத்தால் முதலில் பிரேக், அப்புறம்தான் ரிவர்ஸ். படகுக்குச் சட்டென்று ரிவர்ஸ் போகிற வகை வேண்டும். மறுநாள் காலை இருவருமாகப் போய் வாங்கி வந்தோம். மதியமே பொருத்திவிட்டார்.

சாயந்திரம் அதே குளம். அதே பாசி, வேறென்ன! நடுக்குளத்தில் மோட்டார் முனகி நின்றது. நான் புகையைத் தேடினேன். புகை இல்லை. சேகர் பதறவில்லை. வலது கட்டைவிரலால் ரிமோட்டைப் பின்னுக்கு இழுத்தார். ப்ரொப்பெல்லர் எதிர்ப்பக்கமாகச் சுற்ற, பாசி ஒரு பச்சை நூலாக அவிழ்ந்து மிதந்தது. படகு தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பியது.

“நானும் கொஞ்சம் ஓட்டறேனே, குடுங்க” என்று கையை நீட்டினேன்.

“அதெல்லாம் முடியாது” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு மறுத்தவற்றில் இதுதான் இனிமையானது!