ஹோல்டில் ஒலித்த நாதஸ்வரம்

1. முப்பத்தெட்டு விநாடி

மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். என் பெயர் மேரி. என் சர்வீஸ் ஃபைலில் ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று இப்போது சுவிட்ச்போர்டில் உட்காரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் சூப்பர்வைசர் ஹெட்செட்டை என் தலையில் மாட்டி, "வார்டு லைன் பிஸியா இருந்தா ஹோல்டுல போடு. அவ்வளவுதான்லா வேலை" என்றார். ஹோல்டில் போட்டால் பியானோ கேட்கும். முப்பத்தெட்டு விநாடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. காத்திருப்பவரிடம் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்ல நான் லைனுக்குத் திரும்பும்போதெல்லாம் அதில் ஒரு துண்டு என் காதிலும் விழும். ஒரே வாரத்தில் அது வீட்டுக்கு வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கினால் கத்தி அந்தத் தாளத்தில் போனது. மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு முழங்காலில் இருக்கிறேன், மனசுக்குள் பியானோ. அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது.

எனக்குப் பிடித்தது நாதஸ்வரம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்கள் அடுக்குமாடி. எனக்கு மேல்மாடியில் கணேசன் அண்ணன் என்ற நாதஸ்வரக் கலைஞர் குடியிருக்கிறார். ஞாயிறு மத்தியானம் தவில்காரர் வந்துவிட்டால் இரண்டு பேரும் சாதகம் செய்வார்கள். கையில் காய்கறி நிறைந்த பசார் பையோடு மாடிப்படியில் நின்று கேட்பேன். நாள் முழுக்க "சாரி சார், சாரி மேடம்" என்று சொல்லிக் கொண்டிருந்தவளுக்கு அதைக் கேட்டால் முதுகு நிமிரும். வேறு விளக்கம் எனக்குத் தெரியாது.

2. புது சிஸ்டம்

ஒன்பதாவது வருடம் புது டெலிபோன் சிஸ்டம் வந்தது. பொருத்த வந்த டெக்னீஷியன் அஸ்மான், ஹோல்டுக்கு எந்தப் பாட்டு வேண்டுமானாலும் போடலாம், பழையதே இருக்கட்டுமா என்று மலாயில் கேட்டார். நான் யாரையும் கேட்கவில்லை. கணேசன் அண்ணனின் சம்மதத்தோடு போனில் பதிந்து வைத்திருந்த இருபது நிமிட வாசிப்பைக் கொடுத்துவிட்டேன்.

முதல் பத்து நிமிடம் வெறும் ஆலாபனை, அவ்வளவு நிதானம். என் மனதில் இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான். அந்த சிஸ்டத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் பாட்டு முதலிலிருந்து தொடங்காது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அழைப்பவர் நடுவில் எங்காவது வந்து விழுவார். இது எனக்குத் தெரியாது.

நான்கு நாள் சந்தோஷமாக இருந்தேன். ஐந்தாம் நாள் ஒரு தமிழ் அம்மா ஐசியூ கேட்டார். லைன் பிஸி. ஹோல்டில் போட்டேன். நான் லைனுக்குத் திரும்பியதும் கேட்டார்.

"ஏம்மா, என் வீட்டுக்காரரு ஐசியூல கெடக்குறாரு. உயிரோட இருக்காரா இல்லையான்னு பத்து காவான் ஊருல இருந்து கேக்குறேன். என் காதுல தாலி கட்டுற மேளத்த வாசிக்கிறீங்களே?"

தவில் சேர்ந்து துரிதமாகப் போகும் இடத்தில் அவர் விழுந்திருக்கிறார். "தப்புதாம்மா, மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன். ஐசியூ சிஸ்டரின் கைப்பேசிக்கு அடித்து, கேட்டுச் சொன்னேன். அவர் கணவர் உயிரோடு இருந்தார். அந்த அம்மா அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

உடனே அஸ்மானைக் கூப்பிட்டேன், பாட்டை எடுத்துவிடச் சொல்லி. திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார். அதுவரை யாரையும் ஹோல்டில் போடாமல் பேசிப் பேசியே சமாளித்தேன். தொண்டை கட்டிக்கொண்டது.

3. நியூட்ரல்

திங்கட்கிழமை அஸ்மான் வருவதற்கு முன்பே ஆபரேஷன்ஸ் மேனேஜர் தினேஷ் கூப்பிட்டார். என்னை விட பத்து வயது சின்னவர், தமிழர்.

"என்னக்கா இது, ஹாஸ்பிட்டலா கல்யாண மண்டபமா? மேலிடத்துல இருந்து கம்ப்ளைண்ட் வந்திருக்கு. நம்ம இமேஜுக்கு சரிப்படாதாம். வெளியாளுங்க என்ன நினைப்பாங்க?"

"பியானோ மட்டும் யாரோட பாட்டு சார்?"

"அது நியூட்ரல்."

"எனக்கு நியூட்ரல் இல்ல சார். ஒன்பது வருஷம் கேட்டிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு எதுக்குக் கோயில் மேளம்?"

"எனக்குத்தான் ஞானஸ்நானம் கொடுத்தாங்க, என் காதுக்குக் கொடுக்கல."

எச்சரிக்கைக் கடிதத்தை மேசையில் வைத்தார். இரண்டு குற்றம் எழுதியிருந்தது. ஒன்று, அனுமதி இல்லாமல் சிஸ்டத்தை மாற்றியது. இரண்டு, மருத்துவமனைக்குப் பொருத்தமற்ற இசையை ஒலிக்கவிட்டது. கடைசியில், இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன் என்று என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

அப்போது என் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. ஐசியூ அம்மாவைப் பற்றி நானாகவே சொன்னேன்.

"இது எனக்குத் தெரியாதே. ஏன் சொல்றீங்க? உங்களுக்கு எதிராத்தானே போகும்?" என்றார் தினேஷ்.

"நடந்தது அதுதான் சார். அந்த அம்மாகிட்ட தப்பு பண்ணிட்டேன். யாரு, எந்த நேரத்துல கேப்பாங்கன்னு யோசிக்கல. அதை எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். உங்க அனுமதி கேக்கல, அதுவும் சரி. ஆனா இந்த ரெண்டாவது வரி, நாதஸ்வரமே ஆஸ்பத்திரிக்கு ஆகாதுங்குது. அதுக்குக் கீழ என் பேரு வராது."

"விசாரணை வைப்பாங்க. வேலையே போகலாம்."

"போகட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

4. ஒரு கோடு

மூன்று நாள் கடிதம் அவர் மேசையிலேயே கிடந்தது. நான்காம் நாள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"எங்கப்பா கார்ல இந்த மேளந்தான் எப்பவும் போடுவாரு. ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் ஏறுனா நான் ஆஃப் பண்ணிருவேன்" என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் மேசையில் இருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினேன். இரண்டாவது வரியின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் அவர் இனிஷியல் வைத்தார், நானும் வைத்தேன். அதன் பிறகு கீழே கையெழுத்துப் போட்டேன்.

பியானோ திரும்பி வந்தது. ஓய்வு பெறும் நாள் வரை அதைக் கேட்டேன். ஐசியூ கேட்டு வருபவரை மட்டும் ஹோல்டில் போடக்கூடாது, கூடவே பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அது ஒப்புதல் பெற்று சுவிட்ச்போர்டு ரூம் சுவரில் ஒட்டப்பட்டது. நீங்கள் பார்க்கும் அந்த நோட்டீஸ் அப்படி வந்ததுதான்.

பிள்ளைகளே, நீட்டுகிற காகிதத்தை வரி வரியாகப் படியுங்கள். செய்த தப்பை ஒப்புக்கொள்ளுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஹோல்டில் எதைப் போடுவது என்பது நிர்வாகத்தின் முடிவு, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் எனக்குப் பிடித்த இசை மட்டமானது என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால், அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.