சிவப்புப் பென்சில் அமைச்சர்

ஃபமாரா குஜாபி பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். வலது கையில் சிவப்புப் பென்சில், இடது கையில் நுரை தளும்பும் அத்தாயா தேநீர். கால்பந்துச் செய்தியில் கோல் கணக்கு இடித்தால் ஒரு வட்டம். இரங்கல் அறிவிப்பில் செத்தவரைவிட மகனுக்கு வயது கூடியிருந்தால் இரண்டு வட்டம். தன்னைத் திட்டி எழுதிய தலையங்கத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். திட்டைப் பற்றிக் கவலையில்லை. திட்டில் தேதி தப்பாக இருந்தால்தான் முகம் சுளிக்கும்.

அமைச்சராகி ஒன்றரை வருடம் ஆகிறது, பழக்கம் விடவில்லை. வட்டம் போட்ட பத்திரிகைகளை அந்தந்த ஆசிரியருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். எதிர்க்கட்சிப் பத்திரிகைக்குச் சம்பளமில்லாமல் பிழை திருத்துகிற அமைச்சரை இந்த ஆற்று முகத்துவாரத்தில்தான் பார்க்க முடியும் என்று அவர் மனைவி நியிமா சொல்வாள். பாராட்டாகச் சொல்கிறாளா என்று கேட்டால் சிரிப்பாள்.

ஒல்லி. உயரம். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். கட்டிலுக்கடியில் செருப்பு இரண்டும் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். பத்திரிகை நடத்திய காலத்தில் முதல் தடவை போலீஸ் வந்தபோது வெறுங்காலோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த இரண்டு தடவையும் செருப்போடு போனார். இப்போது வாசலில் நிற்கும் போலீஸ்காரர் அவருக்குக் காவல். ஆனாலும் செருப்பு திசை மாறவில்லை.

பேச்சை வளர்த்தால் பிடிக்காது. “இடமில்ல, இடமில்ல. கால் பத்தியில சொல்லு” என்பார். அமைச்சரவைக் கூட்டத்திலும் இதே கதைதான். நிதியமைச்சர் ஒரு தடவை கோபித்துக்கொண்டு எழுந்துபோனார். “நல்ல இடத்துல முடிச்சுட்டார்” என்றார் இவர்.

அவர் நடத்திய வாரப் பத்திரிகையின் பெயர் ‘கரையோரம்’. ஊரில் அதை மீன் பத்திரிகை என்பார்கள். போலீஸ் பிரதிகளைப் பறிக்க வரும் வாரங்களில் பகாவ் கடற்கரையில் புகையிட்ட மீன் விற்கும் யாசின் ஃபாயே கட்டுக்கட்டாகக் கூடையின் அடியில் போட்டு, மேலே மீனை அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோய்விடுவாள். வாசகர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். உயிரோடிருந்த ஒரு அமைச்சரை இறந்துவிட்டார் என்று அந்தப் பத்திரிகை ஒருமுறை முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. மறுவாரம் அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வந்தது. தப்பு ஏறிய பக்கத்தில்தான் திருத்தமும் ஏற வேண்டும் என்பது ஃபமாராவின் சட்டம். இன்றைக்கும் இளம் நிருபர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்.

நாட்டின் சட்டம் வேறு. பொய்ச் செய்தி போட்டால் சிறை. மூன்று தடவையும் அவரை உள்ளே தள்ளியது அந்தச் சட்டம்தான். அதைக் கிழித்துப் போடுகிறேன் என்று மேடைக்கு மேடை சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். கிழிக்க இன்னும் நேரம் வரவில்லை. இப்போது அதே சட்டத்தில் ஹாடி செக்கா என்ற நிருபர் புதன்கிழமையிலிருந்து லாக்கப்பில் இருக்கிறாள். அரிசி இறக்குமதி உரிமம் அமைச்சரின் அண்ணனுக்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தாள். புகார் கொடுத்தது ஃபமாராவின் அலுவலகம்.

உரிமம் போனது அண்ணனுக்கு அல்ல, மச்சானுக்கு. நியிமாவின் தம்பி.

இந்த ஒரு பிழையை ஃபமாரா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொலைபேசியில் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். எனக்கு அண்ணனே கிடையாது, நான்தான் மூத்தவன், இதைக்கூட விசாரிக்காமல் எழுதுவதா என்றார். சொல்லும்போது உண்மையாகவே கொதித்தார் என்பதுதான் வேடிக்கை.

சனிக்கிழமை காலை. வீட்டு முற்றத்து மாமரத்தடியில் வழக்கம்போல் கட்சிக்காரர்கள். காவல் அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கோர்ட்டில் நிறுத்துவதா, விட்டுவிடுவதா, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். ஃபமாரா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் யாசின் கக்கத்தில் ஒரு பாயோடு உள்ளே வந்தாள்.

“என்னடா அடிமை, எசமானி வந்திருக்கேன். எந்திரிக்க மாட்டியா?”

காவலுக்கு நின்றவர் ஓர் அடி முன்னே வந்தார். ஃபமாரா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் ஜோலா, அவள் செரேர். இரண்டு இனத்துக்கும் ஆதித்தாய்களான அக்காவும் தங்கையும் போன படகு ஆற்று நடுவில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு கரை ஒதுங்கிய நாளிலிருந்து இரண்டு இனமும் ஒன்றையொன்று அடிமை என்றுதான் அழைக்கும். என்ன வைதாலும் கோபிக்கக் கூடாது. கோபித்தவனுக்கு ஊரில் மரியாதை இல்லை.

“வா, கம்பங்கூழு குடிக்கிறவளே. மீன் நாத்தம் அப்பவே வந்துட்டுது, நீ இப்பதான் வர்ற” என்றார் ஃபமாரா.

யாசின் பாயை விரித்தாள். மல்லாந்து படுத்தாள். மடியிலிருந்த பத்திரிகைத் தாளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. ஜோலா வீட்டில் சாவு விழுந்தால் செரேர்காரர்கள் வந்து இப்படிப் பிணமாகப் படுத்து, செத்தவரைப் போலவே பேசிக் கேலி செய்வார்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பார்கள். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இதை யாரும் செய்ததில்லை.

தாளுக்கு அடியிலிருந்து ஃபமாராவின் குரல் வந்தது. “இடமில்ல, இடமில்ல. குழிய சின்னதா வெட்டு. கால் பத்தி போதும்.”

கட்சிக்காரர்கள் முதலில் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரித்த பிறகு சிரித்தார்கள்.

யாசின் சொந்தக் குரலுக்கு மாறினாள். “ஃபமாரா குஜாபின்னு ஒரு பத்திரிகைக்காரன். நல்ல மனுசன். மூணு தடவ ஜெயிலுக்குப் போனான். நாலாவது தடவைக்கு அந்தப் பொண்ண அனுப்பிட்டுச் செத்துட்டான்.”

யாரும் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் காவல் அதிகாரி பாவனை செய்தார். ஃபமாராவால் கோபிக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது.

“மச்சானப் போயி அண்ணன்னு எழுதியிருக்கா, யாசின்.”

“உசுரோட இருந்த மந்திரிய நீ செத்துட்டாருன்னு போட்டியே, மறுவாரம் என்ன செஞ்ச?”

“திருத்தம் போட்டேன்.”

“எந்தப் பக்கத்துல?”

“முதல் பக்கத்துல.”

“அதுதான் எனக்கு வேணும். குடு, எந்திரிக்கிறேன்.”

சமையல் கொட்டகை வாசலில் நியிமா கையில் அகப்பையோடு நின்றிருந்தாள். தம்பி அவளுக்குப் பிள்ளை மாதிரி. ஃபமாரா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவுமில்லை, தலையை ஆட்டவுமில்லை. அவருக்கு அது கஷ்டமாக இருந்தது.

“அந்தப் பொண்ண இன்னைக்கே விட்டுடுங்க” என்றார் அதிகாரியிடம். அதிகாரி எழுந்தார். “கொஞ்சம் இருங்க. அவகிட்ட குடுக்க ஒண்ணு இருக்கு.”

பாயருகே மண்டியிட்டு யாசினின் முகத்திலிருந்த தாளை மெல்ல எடுத்தார். புதன்கிழமைப் பத்திரிகை, முதல் பக்கம், ஹாடியின் செய்தி. முழங்காலில் விரித்து ‘அண்ணன்’ என்பதை அடித்தார். மேலே ‘மச்சான்’ என்று எழுதினார். அத்தோடு விடவில்லை. வழக்கப்படி கடைசி வரியிலிருந்து தொடங்கி, பென்சில் முனையை ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்திக்கொண்டு தலைப்புவரை போனார். பென்சில் வேறெங்கும் நிற்கவில்லை. பிறகு ‘கரையோரம்’ நாட்களில் எழுதுவதுபோலவே, ஓரத்தில் ‘சரி. அச்சுக்குப் போகலாம்’ என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் போட்டார்.