நுனி மடித்த டேப்

என் அண்ணனுக்குப் பட்டறையில் பெயர் கரண்டு. பழைய கார் விற்கும் கடையில் எலக்ட்ரீஷியன். எந்த வயருக்கு டேப் சுற்றினாலும் சரியாக மூன்று சுற்று. கடைசியில் நுனியை மடித்துவிடுவான், அடுத்த தடவை நகத்தால் சுரண்டாமல் பிரிக்கலாம் என்று. என் வீட்டு மிக்சி வயரிலும் அந்த மடிப்புதான், அயர்ன் பாக்ஸ் வயரிலும் அந்த மடிப்புதான்.

கடையில் அவன் வேலை என்ன தெரியுமா? தவணையில் போகிற ஒவ்வொரு காரிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை டாஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பது. வண்டி எங்கே நிற்கிறது என்று அது முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கும். தவணை தவறினால் கடையிலிருந்தே வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாமல் செய்துவிடலாம். வாங்குகிறவரிடம் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பத்திரத்தில் பதினொன்றாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும்.

“பாவமா இல்லையா உனக்கு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எய்தவன் இருக்க அம்பை எதுக்கு நோகற? மாட்டுறதோட என் வேலை முடிஞ்சுது” என்றான். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகு என் கணவருக்குச் சிறுநீரகம் போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு அவருடைய முறை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தார். வங்கி எனக்குக் கடன் தரவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் கடையிலேயே தவணைக்கு ஒரு கார் எடுத்தேன். “உன் வண்டியாச்சே, நானே பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கேன்” என்று சாவியைக் கொடுத்தான். என் வண்டியில் பெட்டியை வைத்திருக்க மாட்டான் என்று நம்பினேன்.

எட்டு மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு அவரைக் கைத்தாங்கலாகப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். விளக்கெல்லாம் எரிந்தது, இஞ்சின் மட்டும் மூச்சு விடவில்லை. முந்தின நாள் மாலைதான் தவணை கட்டியிருந்தேன், ரசீது கைப்பையில் இருந்தது. செல்போன் வெளிச்சத்தோடு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டேன். கறுப்புப் பெட்டி. வயரில் மூன்று சுற்று டேப். நுனி மடித்திருந்தது.

“அடப்பாவி!” என்று நான் கத்தியதில் கணவர் பதறிப்போனார்.

போன் போட்டதும் அண்ணன் பைக்கில் பறந்து வந்தான், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

“நேத்தே கட்டிட்டேன்!” ரசீதை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

“தெரியும்மா. நாலு மணிக்கு மேல கட்டினா கிளார்க் மறுநாள் பத்து மணிக்குத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துவான். கட்டலைன்னு அந்தப் பெட்டி காலைல ஆறுக்கே கட் பண்ணிடும். எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது.”

“தெரிஞ்சுமா எனக்கு மாட்டின?”

அவன் குனிந்து வயரை மாற்றிக் கொடுத்தான், இஞ்சின் உறுமியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழே முக்கால். அவனும் பின்னாலேயே வந்தான். “அடுத்த ஆளுக்கு நேரமாகுதும்மா, இன்னைக்கு மூணு மணி நேரம்தான்” என்றார் நர்ஸ். நான்கு மணி நேரம் சுத்தமாக வேண்டிய ரத்தம். எனக்குப் பற்றி எரிந்தது.

வெளியே வந்தால், என் காரிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் மல்லாந்து படுத்து, வாயில் ஸ்க்ரூவைக் கடித்தபடி பெட்டியைத் திரும்ப இணைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன பண்ற நீ?”

“சிக்னல் போகலைன்னா கடைல தெரிஞ்சிடும். எனக்கு வேலை போயிடும். உன் வண்டியையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

அந்தக் கால்களின் மேல் கதவை அறைந்து சாத்தலாமா என்றிருந்தது. சாத்தவில்லை. “மாட்டு. மாட்டிட்டு என் கண்ணு முன்னாடி கழட்டு” என்றேன். எனக்குப் பிடிபடும்வரை ஐந்து தடவை அவனை மாட்டிக் கழற்ற வைத்தேன்.

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். எங்கள் தெருவில் அந்தக் கடை வண்டி ஒன்பது இருக்கிறது. ஒன்பது வீட்டுக்கும் போனேன். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விடச் சொல்லி, மடித்த நுனியைக் காட்டினேன், வண்டி கிளம்பாத நாளில் கழற்றித் திரும்ப மாட்டவும் சொல்லிக் கொடுத்தேன். எந்த நாசமாப் போறவன் மாட்டினது என்று எல்லோரும் கேட்டார்கள். என் கூடப் பிறந்தவன் என்று சொன்னேன்.