வேனின் தலைபாரம்

அப்போது எங்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் கணவருக்குச் சிறு வயதில் கண்ணில் அடிபட்டு, ஒரு பக்கப் பார்வை மங்கிவிட்டது. அதனால் அவர் ஸ்டியரிங் பக்கமே போனதில்லை. மார்க்கையன்கோட்டையில் எனக்கு ஒரு நாற்றுப்பண்ணை இருந்தது. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைப் பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்த்து, கம்பம் வரைக்கும் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கென்று வாங்கிய பழைய வேன் ஒன்று வைத்திருந்தேன். ஒடுக்கமான உடம்பு, உயரமான கூரை, சின்னச் சின்னச் சக்கரங்கள். காலித் தட்டுகளை அடுக்குவதற்காகக் கூரைமேல் கேரியர் போட்டிருந்தேன். அல்லிநகரத்தில் எங்கள் தெருவில் அந்த வேனின் சத்தம் கேட்டாலே நான் வருகிறேன் என்று தெரிந்துவிடும்.

2004ஆம் வருடம், மே மாதம். என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்த பிறகும் அவருக்குக் கூடாரத்தில் படுக்கிற ஆசை விடவில்லை. பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிற இடத்தில் கனத்த கித்தான் துணிக் கூடாரம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். பட்டாளத்தில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். குடியிருப்புக்குப் பக்கத்திலேயே புல்வெளி இருக்கிறது, வந்து இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கிக்கொள் என்று அவர் கூப்பிட்டிருந்தார். மூத்தார், அவர் மனைவி, என் கணவர், நான் என்று நான்கு பேர் கிளம்புவதாக ஏற்பாடு. மூத்தாரை நான் மாமா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

கிளம்புகிற அன்று காலையில் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது வண்டியைப் பார்த்துத் திகைத்துப்போனேன். வேனுக்கு மேலே இன்னொரு வேன் நிற்கிற மாதிரி இருந்தது. கூடாரம், அதன் இரும்புக் குழாய்கள், நான்கு மடக்குக் கட்டில்கள், பாய், போர்வை, தலையணை, அரிசி மூட்டை, ஒரு பெரிய ஸ்டவ், தண்ணீர் நிரப்பிய இரண்டு கேன்கள், எல்லாமே கேரியரில்தான். உள்ளே ஒரு துரும்பு கிடையாது. நான்கு பேரும் கால் நீட்டி உட்கார்ந்து வர வேண்டுமாம்.

"மாமா, மேல கனம் கூடிப்போச்சே" என்றேன்.

"ஏத்தா, இருவத்திரெண்டு வருசம் லாரி லாரியா ஏத்தி எறக்குனவன் நான். கயித்தப் பாரு, அசையுதான்னு பாரு" என்று கயிற்றைத் தட்டிக் காட்டினார்.

கயிறு அசையவில்லைதான். கட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவர் ஏற்றிப் பழகிய லாரி வேறு, என் வேன் வேறு. அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மூத்தவர், விடியற்காலையிலிருந்து ஏணி வைத்து ஏற்றியிருக்கிறார், முகம் வேர்த்து மலர்ச்சியாக நிற்கிறார். மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு வண்டியை எடுத்தேன். அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு அது.

வீரபாண்டி தாண்டும் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. நேர் ரோட்டில் எந்த வண்டியும் ஒழுங்காகத்தான் போகும். வளைவுகளில்தான் வித்தியாசம் தெரிந்தது. வழக்கமாகத் திருப்பினால் உடனே திரும்பி நிமிர்ந்துகொள்கிற வண்டி, அன்றைக்குத் திரும்பிய பிறகும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்று, யோசித்து யோசித்து நிமிர்ந்தது. பண்ணையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களிடம் சாவி கொடுக்க வேண்டியிருந்ததால் சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டைப் பக்கம் திருப்பினேன். வாய்க்கால் ஓரமாகப் போகிற அந்த ரோட்டில், எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நடுரோட்டிலேயே வந்தது. நான் இடது பக்கம் ஒடித்து, மறுபடி வலது பக்கம் ஒடித்தேன். அவ்வளவுதான். வண்டி இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது, மறுபடியும் இடது பக்கம். பிரேக்கைத் தொடாமல் ஸ்டியரிங்கை மட்டும் நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு அடங்கியது. பக்கத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தொட்டில ஆட்டுற மாதிரி ஆட்டிருச்சே" என்றார் அக்கா, பின்னாலிருந்து.

பண்ணைக்குள் வண்டியை விட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். மனசுக்குள் தெளிவாக இருந்தது. இனி இந்தச் சுமையோடு நான் ஓட்டப்போவதில்லை.

"மாமா, எல்லாத்தையும் எறக்கணும்."

"ரோடு சரியில்லத்தா. டிராக்டர்க்காரன் நடுவுல வந்தான். அதுக்குக் கட்டுனது என்ன செய்யும்?"

"கட்டுனதுல தப்பு இல்ல மாமா. எடம்தான் தப்பு. இங்கன வந்து பாருங்க."

வேனின் பக்கவாட்டில் நின்று, கூரை விளிம்பில் ஒரு கையை வைத்துத் தள்ளினேன். வண்டி சாய்ந்து, ஊசலாடி நின்றது. "ஒத்தக் கையிலதான் தள்ளுறேன். மலையில பதினெட்டு வளைவு இருக்கு. ஒவ்வொரு வளைவும் இந்த மாதிரித் தள்ளும், என்னையவிடப் பலமாத் தள்ளும். ஓட்டுறது நானு. மேல இவ்வளவு இருந்தா நான் ஓட்ட மாட்டேன்."

அவர் முகம் இறுகியது. என் கணவர் அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் மூத்தாரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. சொன்ன பிறகு பின்வாங்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணே, ஓட்டுறவ சொல்றா. எறக்கிருவோம்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு அவரே ஏணியைத் தேடிப் போனார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் பரப்பினோம். ஒவ்வொன்றையும் நானே தூக்கிப் பார்த்தேன். தூக்கும்போது இடுப்பைப் பிடிக்கிற சாமான் எல்லாம் வண்டிக்கு உள்ளே, தரையில் என்று முடிவு செய்தேன். மடக்குக் கட்டில்களை முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவில் படுக்கைவசமாகப் போட்டேன். குழாய்களை இருக்கைக்கு அடியில் சொருகினேன். அரிசியையும் ஸ்டவ்வையும் பின் சக்கரங்களுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தேன். ஒரு கேன் தண்ணீரை நாற்றுக்கு ஊற்றிவிட்டேன்.

"குடிக்கத் தண்ணி?" என்றார் மூத்தார்.

"மலையில இல்லாத தண்ணியா மாமா? வழிக்கு ஒரு கேன் போதும்."

மேலே ஏறியது பாய், போர்வை, தலையணை, கூடாரத்தின் கித்தான் மட்டும். கித்தானை உருட்டாமல் கேரியர் அகலத்துக்குப் பரப்பி மடித்தோம். எல்லாம் சேர்ந்து ஒரு முழ உயரம்கூட இல்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவதை மூத்தாரிடமே விட்டேன். முடிச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கட்டி முடித்ததும் மறுபடி கூரையைத் தள்ளிக் காட்டினேன். லேசாக அசைந்து உடனே நின்றது. அவரும் வந்து, யாரும் பார்க்காத மாதிரி ஒரு தடவை தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

சின்னமனூரில் நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்தேன். அக்காவுக்குத்தான் கஷ்டம். கட்டில்மேல் காலை வைத்து, முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார். "அக்கா, முடியுதா?" என்றேன். "வாய்க்காலுக்குள்ள கெடக்குறதுக்கு இது தேவலத்தா" என்றார்.

மலை ஏறும்போது நான் ஒரே கணக்கில்தான் ஓட்டினேன். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கையும் தொடக்கூடாது, ஸ்டியரிங்கையும் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. அந்த வருடங்களில் மேகமலை ரோடு ரோடாகவே இல்லை. கற்கள் பெயர்ந்து, பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. ஆறேழு வளைவு ஏறியதும் நிறுத்தி, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மூத்தார் இறங்கி ஒரு முடிச்சை இறுக்கிவிட்டு வந்தார். மேலே ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கிலிருந்து காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. வண்டி அசைந்து கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அதுவரை பேசாமல் வந்த மூத்தார், "கீழ சின்னமனூரு தெரியுது பாரு" என்று தம்பியிடம் காட்டினார். கோபம் ஆறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாளும் நன்றாகவே போயின. ஏரித் தண்ணீர், தேயிலைச் சரிவு, காலையில் கைக்கெட்டும் உயரத்தில் மேகம். மூத்தார் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, சுக்குக் காப்பி போட்டு, இளந்தாரி மாதிரி ஓடியாடினார். இரண்டாம் நாள் பிற்பகலில் கோடை மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. கூடாரத்துக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தோட்டத்தில் இரவல் வாங்கிய ஏணியில் நான் நின்றுகொண்டு, வரும்போது எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நான் சொன்னது சரியாகிவிட்டதால் கொஞ்சம் மிதப்பாகவும் இருந்தேன். அண்ணனும் தம்பியும் கித்தானைத் தூக்கினார்கள். தூக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "ஏத்தா, அது முந்தாநாள் ஏத்துன கூடாரமா? ராவெல்லாம் தண்ணி குடிச்சுக் கெடக்கு. அதப் போயி மேல வைக்கச் சொல்றியே?"

எனக்குச் சுருக்கென்றது. எடையை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். நனைந்த நாற்றுத்தட்டுக்கும் காய்ந்த தட்டுக்கும் உள்ள வித்தியாசம் தினமும் கையால் பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை. ஏணியிலிருந்து இறங்கினேன்.

"அக்கா சொல்றதுதான் சரி. நான் கவனிக்கல."

உள்ளே வைக்கவும் இடமில்லை. வைத்தால் நான்கு பேரும் அதன்மேல்தான் உட்கார வேண்டும். தோட்டத்து நண்பர், "இங்கனயே போட்டுட்டுப் போங்க, காயவச்சுத் தேயிலை லாரியில அனுப்பி விடுறேன்" என்றார். மூத்தாருக்கு மனசே இல்லை. கித்தானின் மடிப்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "வெயில்ல நல்லாக் காய விடணும், ஈரத்தோட மடிச்சா மக்கிப்போகும்" என்று நண்பரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டார். மேலே ஈரமில்லாத பாயும் போர்வையும் மட்டும் போட்டுக் கட்டினோம்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில், ஆட்களை நிறைத்துக்கொண்டு ஒரு ஜீப் ஏறி வந்தது. ஒதுங்க இடமில்லாமல் இடது ஓரமாகப் போனேன். அந்தப் பக்கம்தான் பள்ளம். மழையில் ரோட்டோரம் அரித்துப்போயிருந்தது மேலே தெரியவில்லை. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றாக இறங்கின. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. என் பக்கத்து ஜன்னலில் வானம் தெரிந்தது, கணவர் பக்கத்து ஜன்னலில் மரங்களின் உச்சி தெரிந்தது. அக்கா, "ஆத்தா!" என்று கத்தினார்.

வண்டி அதற்கு மேல் சாயவில்லை. அப்படியே நின்றது.

"யாரும் அசையாதீக. மாமா, நீங்களும் அக்காவும் வலது கதவத் தொறந்து ஒவ்வொருத்தரா எறங்குங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மூத்தார் முதலில் அக்காவை இறக்கிவிட்டு, பிறகு இறங்கினார். நான் வலது கதவைத் திறந்து இறங்க, என் பின்னாலேயே கணவர் இருக்கையைத் தாண்டி வந்தார். ஜீப்பிலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களும் எங்கள் ஆட்களுமாகச் சேர்ந்து பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கி, வலது பக்கத்தில் கயிறு போட்டுப் பிடித்துக்கொள்ள, நான் மறுபடி ஏறி, முதல் கியரில் அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தேன்.

ரோட்டில் நின்றதும் மூத்தார் சக்கரம் இறங்கிய இடத்தைப் போய்ப் பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திரும்பி வந்து என் ஜன்னலருகே நின்றார்.

"கட்டிலும் கித்தானும் மேல இருந்திருந்தா, நாம இப்ப அங்கன கெடப்போம்த்தா" என்றார். ஜன்னல் விளிம்பில் கையை வைத்து, "பண்ணையில நீ சொன்னப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு" என்றார்.

"தெரியும் மாமா."

"இனிமே நீ சொல்ற எடத்துல வைப்போம். நான் கட்டுறேன்."

அதன்பிறகு ஐந்தாறு கோடைகள் அப்படியே போய்வந்தோம். மலையில் விட்டுவந்த கூடாரம் ஒரு மாதம் கழித்து, மொறுமொறுவென்று காய்ந்து, சின்னமனூர் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து நடந்தது. அக்கா ஒரு காலை தனியாகப் பண்ணைக்குப் பஸ்ஸில் வந்தார். வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"எனக்கு வயசு நாப்பத்தாறு. இது எனக்கு வருமாத்தா?" என்றார்.

வரும் என்றேன். அறுவடை முடிந்த வயலில் ஒரு மாதம் ஓட்டிப் பழகினார். தேனியில் லைசென்ஸ் எடுக்கப் போன அன்று, எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். முதல் தடவையிலேயே போட்டுவிட்டு இறங்கி, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அம்புட்டுத்தானா?" என்று அதிகாரியிடமே கேட்டாராம். அடுத்த கோடையில் மலை அடிவாரம் வரைக்கும் வேனை ஓட்டியவர் அவர்தான். பக்கத்தில் மூத்தார் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.